ஊர் தள்ளியிருக்கும் வீட்டில் டிவியும் ரேடியோவும் தெளிவாக எடுக்க என்ன செய்யலாம்?

கேள்வி இதுதான்: ஒலிபரப்புக் கோபுரம் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கூரைமேல் ஆன்டெனா வைத்துப் பார்க்கும் டிவியில் படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகிறது. எஃப்.எம். ரேடியோவில் ஓயாமல் 'ஸ்ஸ்' சத்தம். மத்திய அலையில் (மீடியம் வேவ்) பகலில் கர்ரென்ற இரைச்சல், இரவில் வேறு நிலையங்கள் மேலே ஏறிக்கொள்கின்றன. பூஸ்டர் போட்டுப் பார்த்தும் பலனில்லை. இன்னும் பெரிய பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். இப்போது இருக்கிற பூஸ்டரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். பின்னால் தேவைப்படலாம், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு நிலையம் தெளிவாகக் கிடைக்க வேண்டுமென்றால், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு உயரமாக நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்த விகிதம் பெரும்பாலும் ஆன்டெனாவிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பின்னால் வரும் கேபிளும், ஒரே கேபிளை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் பிரிப்பானும், பூஸ்டரும் டிவியும் அதைக் கெடுக்கலாம்; கூட்டவே முடியாது. கலங்கிய தண்ணீரைச் செம்பிலிருந்து அண்டாவுக்கு மாற்றினால் தெளிந்துவிடுமா? பூஸ்டர் செய்வது அந்த வேலைதான். சிக்னலைப் பத்து மடங்காக்கும்போது கூடவே வந்த இரைச்சலையும் பத்து மடங்காக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கவும் செய்யும். அதனால் காசும் உழைப்பும் முதலில் போக வேண்டிய இடம் ஆன்டெனாவும் அது நிற்கிற இடமும்தான்.

முதலில் தூரக் கணக்கு. டிவியும் எஃப்.எம்.மும் பயன்படுத்தும் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. பூமி உருண்டை என்பதால் ஒரு தூரத்துக்குப் பிறகு கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். காற்றுமண்டலம் அலையைக் கொஞ்சம் வளைத்துக் கொடுப்பதால், கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட ரேடியோ அடிவானம் சற்றுத் தள்ளி இருக்கும். கணக்குப் போடுவது சுலபம். கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் காணுங்கள். உங்கள் ஆன்டெனாவின் உயரத்துக்கும் அப்படியே. இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும். கோபுரம் 150 மீட்டர், உங்கள் ஆன்டெனா 9 மீட்டர் என்றால் சுமார் 63 கிலோமீட்டர் வருகிறது. ஆன்டெனா 4 மீட்டரில்தான் இருக்கிறது என்றால் சுமார் 59.

ஆக, ஆன்டெனாவை 4 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கு ஏற்றியதில் அடிவானம் வெறும் 4 கிலோமீட்டர்தான் நகர்ந்தது. அப்படியென்றால் உயரம் எதற்கு? பக்கத்தில் இருக்கிற மரம், கட்டடம், மேடு ஆகியவற்றைத் தாண்டிப் பார்ப்பதற்கு. இந்த வேறுபாடு தெரிந்தால் எங்கே எவ்வளவு உயரம் தேவை என்பது தானாகவே பிடிபடும். வெட்டவெளியில், கோபுரத்தின் திசையில் மரமே இல்லாத வீட்டுக்கு 6 மீட்டர் தாராளம். தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டுக்கு 12 மீட்டர்கூடப் போதாமல் போகலாம். இலை நிறைந்த மரங்கள் யு.எச்.எஃப். அலைகளை (டிவி பயன்படுத்தும் உயர்ந்த அலைவரிசை) நன்றாகவே உறிஞ்சும், மழையில் நனைந்த இலைகள் இன்னும் அதிகம். வெயில் காலத்தில் நன்றாக வந்த சேனல் மழைக்காலத்தில் தடுமாறுவதற்கு மேகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், வழியில் நிற்கும் மரங்களைப் பாருங்கள்.

அடுத்து, இடம். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பெரும்பாலானோர் ஆன்டெனாவை வீட்டில் வசதியான மூலையில் நட்டுவிட்டு, திசையை மட்டும் அங்கே இங்கே திருப்பிப் பார்க்கிறார்கள். தொலைவான இடங்களில் சிக்னல் ஒரே சீராகப் பரவி இருப்பதில்லை. நேராக வரும் அலையும், தரையிலும் கட்டடத்திலும் பட்டுத் திரும்பி வரும் அலையும் ஒரு இடத்தில் சேர்ந்து வலுக்கும், இரண்டடி தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 600 மெகாஹெர்ட்ஸில் ஒரு முழு அலையின் நீளமே அரை மீட்டர்தான். அதனால் ஒரு அடி நகர்த்தினாலே படம் மாறலாம். இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கூரையில் ஆன்டெனாவைக் கையில் பிடித்து மெதுவாக நகர, மற்றவர் டிவியின் முன் உட்கார்ந்து அளவைச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் நகர்த்துங்கள், மேலும் கீழும் நகர்த்துங்கள். உயர உயரப் போனால் சிக்னல் கூடிக்கொண்டே போகும் என்ற கட்டாயம் இல்லை. சில வீடுகளில் ஒன்றரை அடி கீழே இறக்கினால் சரியாகிவிடும்.

டிவியில் அல்லது செட்-டாப் பாக்ஸில் இரண்டு அளவுகள் காட்டும்: சிக்னல் வலிமை, சிக்னல் தரம். வலிமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரைச்சலும் சேர்ந்துதான் அந்த எண்ணில் வருகிறது. பூஸ்டர் போட்டதும் வலிமை 90 என்று ஏறும், தரம் 20இலேயே நிற்கும், படமும் அப்படியே உடைந்துகொண்டிருக்கும். உங்களுக்கு நடந்ததும் அநேகமாக இதுதான். ஆன்டெனாவை நகர்த்தும்போது தரத்தை மட்டும் கவனியுங்கள். அந்த எண் நகர்த்திய சில வினாடிகள் கழித்தே மாறும், ஆகையால் ஒவ்வொரு நிலையிலும் நின்று பாருங்கள். இன்னொன்று: பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு எல்லைவரை படம் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கொஞ்சம் கீழே போனதும் ஒன்றுமே இல்லை. எனவே படம் வந்ததும் வேலை முடிந்தது என்று இறங்கிவிடாமல், தரம் முடிந்தவரை ஏறும் இடத்தைத் தேடுங்கள். மழைக்கும் காற்றுக்கும் கொடுக்க ஒரு மிச்சம் வேண்டும்.

மலைக்குப் பின்னால் இருக்கும் வீடுகளின் கதை வேறு. குன்றின் விளிம்பில் பட்டு அலை கொஞ்சம் வளைந்து கீழே இறங்கும். ஆனால் குன்றின் அடிவாரத்தை ஒட்டி இருக்கும் வீட்டுக்கு அது மிகக் கூர்மையாக வளைய வேண்டியிருப்பதால் கிடைப்பது சொற்பம். வினோதம் என்னவென்றால், குன்றிலிருந்து இன்னும் கொஞ்சம் விலகி, அதாவது கோபுரத்திலிருந்து இன்னும் தூரமாகப் போனால் நன்றாக வரும். இடம் விரிவாக இருந்தால் வீட்டிலிருந்து பின்னால் தள்ளி ஒரு கம்பம் நட்டுப் பார்ப்பது வீண்வேலை இல்லை. அலையெண் (மெகாஹெர்ட்ஸில் சொல்லும் அதிர்வெண்) குறையக் குறைய இந்த வளைவு எளிதாகும். டிவி வராத பள்ளத்தில் எஃப்.எம். ஓரளவு வருவதும், எஃப்.எம்.மும் வராத இடத்தில் மத்திய அலை தாராளமாக வருவதும் இதனால்தான். நேர்த்திசை முழுவதும் அடைபட்டிருந்தால், எதிரில் இருக்கும் பாறைச் சரிவில் பட்டுத் திரும்பும் அலையைப் பிடிக்க ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அனலாக் காலத்தில் இப்படிச் செய்தால் படத்துக்குப் பக்கத்தில் நிழல் படம் விழும். இன்றைய டிஜிட்டல் ஒலிபரப்பு கொஞ்சம் பிந்தி வரும் எதிரொலிகளைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது, அதனால் அந்த வழியும் திறந்திருக்கிறது.

ஆன்டெனா எது? தொலைவுக்கு யாகி வகையை இன்னும் எதுவும் தோற்கடிக்கவில்லை என்பது என் கருத்து. ஜப்பானில் 1926இல் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி இருவரும் வெளியிட்ட வடிவம். மீன் முள்ளைப் போல ஒரு தண்டில் குறுக்குக் குச்சிகள். பின்னால் இருக்கும் நீளமான குச்சி அலையை முன்னோக்கித் திருப்பும், கேபிள் இணையும் குச்சி அலையை வாங்கும், முன்னால் வரிசையாக இருக்கும் குட்டையான குச்சிகள் அலையைக் குவிக்கும். குட்டைக் குச்சிகள் இருக்கும் பக்கம்தான் கோபுரத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகக் கட்டிய ஆன்டெனாக்களை இன்றும் பார்க்கிறேன். குவிப்பதால் இரண்டு ஆதாயம்: வேண்டிய திசையிலிருந்து அதிகம் கிடைக்கிறது, வேண்டாத திசைகளிலிருந்து வரும் இரைச்சல் குறைகிறது. பூஸ்டரால் முடியாத வேலை இது.

குச்சிகளின் நீளம் அலையெண்ணைப் பொறுத்தது. 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம் 75 சென்டிமீட்டர், 600 மெகாஹெர்ட்ஸில் அது 25 சென்டிமீட்டர். ஆகவே உங்கள் பகுதி ஒலிபரப்பு எந்த அலையெண்ணில் என்று முதலில் தெரிந்துகொண்டு அதற்கேற்ற ஆன்டெனா வாங்குங்கள். 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள வி.எச்.எஃப்.புக்கான பழைய பெரிய ஆன்டெனாவில் யு.எச்.எஃப். சேனலைத் தேடி அலுத்துப்போனவர்கள் பலர். 'டிஜிட்டல் ஆன்டெனா' என்று தனியாக ஒன்று இல்லை. உலோகக் குச்சிக்கு அனலாக், டிஜிட்டல் வேறுபாடு தெரியாது. தட்டையாகச் சுவரில் ஒட்டும் ஆன்டெனாவின் பெட்டியில் எத்தனை நூறு கிலோமீட்டர் என்று போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம்; மேலே பார்த்த அடிவானக் கணக்கைப் பெட்டியில் அச்சடித்து மாற்ற முடியாது.

குச்சிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாகவா என்பதையும் பார்க்க வேண்டும். கோபுரம் அனுப்பும் அலை எந்த வாக்கில் இருக்கிறதோ அந்த வாக்கில்தான் உங்கள் குச்சிகளும் இருக்க வேண்டும். மாறிப்போனால் 20 டெசிபல்வரை இழப்பு வரலாம், அதாவது கிடைக்க வேண்டியதில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும். டெசிபல் கணக்கு பழகாதவர்களுக்கு: 3 டெசிபல் போனால் பாதி போச்சு, 10 போனால் பத்தில் ஒன்றுதான் மிச்சம்.

இப்போது கேபிள். கிராமத்து வீடுகளில் நான் பார்க்கும் பிரச்சினைகளில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் கடைசியாகப் பார்ப்பதும் இதைத்தான். வெயிலில் பல வருடம் கிடந்த கேபிளின் மேலுறை வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கி, பின்னல் கம்பி கறுத்துப்போயிருக்கும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். முனையைக் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள்: செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் முழு கேபிளையும் மாற்றுங்கள், ஒட்டுப்போட்டுப் பிழைக்காது. டிவிக்கு வழக்கமாகப் போடும் நல்ல ஆர்ஜி-6 வகைக் கேபிளிலேயே டிவி அலையெண்களில் 30 மீட்டருக்குச் சுமார் 5 டெசிபல் இழப்பு உண்டு. பாதிக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடுகிறது என்று பொருள். மலிவான மெல்லிய கேபிளில் இன்னும் மோசம். நடுவில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அது இழப்பும் கொடுக்கும், வீட்டு இரைச்சலை உள்ளேயும் விடும்.

ஆன்டெனாவில் கேபிள் சேரும் இடத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். கேபிள் இணையும் மடித்த குச்சியின் மின்மறிப்பு (அலை மின்சாரத்துக்குக் காட்டும் தடை) 300 ஓம், கேபிளினுடையது 75 ஓம். இரண்டையும் பொருத்திவைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதற்குள் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கேபிளை நேராகத் திருகியிருந்தால் திரும்ப மாட்டுங்கள். பெட்டிக்குள் எறும்புக் கூடும் துருவும் இருப்பது சாதாரணம். சுத்தம் செய்து, இணைப்பை இறுக்கி, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் மூடுங்கள். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும்.

ஒரே ஆன்டெனாவிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரிக்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவாகத்தான் போகும். சோதிக்கும்போது பிரிப்பானை எடுத்துவிட்டு ஒரே டிவிக்கு நேராகக் கொடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு பூஸ்டர். அதற்கும் இடம் உண்டு, டிவிக்குப் பின்னால் அல்ல, கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில். கேபிள் சிக்னலைத் தின்பதற்கு முன்பே பெருக்கிவிட்டால் கேபிள் இழப்பும் டிவியின் சொந்த இரைச்சலும் பொருட்டில்லாமல் போய்விடும். கேபிளில் 5 டெசிபல் போன பிறகு கீழே எவ்வளவு பெருக்கினாலும் அந்த 5 திரும்ப வராது. வாங்கும்போது பெருக்கம் எத்தனை என்று பார்ப்பதைவிட அதன் இரைச்சல் எண் (தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்ற அளவு) எத்தனை என்று பாருங்கள்: 2 டெசிபலோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் நல்லது. பெருக்கம் 15 முதல் 20 போதும். உச்சியில் இருக்கும் பூஸ்டருக்கு மின்சாரம் அதே கேபிள் வழியாகத்தான் போகும், அதனால் நடுவில் பிரிப்பான் இருந்தால் அது மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஸ்டர் செத்துக் கிடக்கும், செத்த பூஸ்டர் சிக்னலை வழியிலேயே தடுத்துவிடும்.

பூஸ்டர் போட்டதும் முன்பு வந்த சேனல்கூட வராமல் போனால், அது பெரும்பாலும் அளவுக்கு மீறிய சிக்னல். பக்கத்தில் ஒரு மொபைல் கோபுரமோ எஃப்.எம். நிலையமோ இருந்தால் அதன் அலை பூஸ்டரை நிரப்பிவிடும், அது திணறி எல்லாவற்றையும் கெடுக்கும். பல நாடுகளில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முன்பு டிவிக்கு இருந்த அலைவரிசைகள் இப்போது மொபைலுக்குப் போய்விட்டன, பழைய பூஸ்டர்கள் அவற்றையும் சேர்த்துப் பெருக்குகின்றன. பூஸ்டருக்கு முன்னால் மாட்டும் சிறு வடிகட்டி ஒன்று இதைத் தீர்க்கும். பின்னால் மாட்டினால் பயனில்லை.

அப்புறம் ரேடியோ. எஃப்.எம்.முக்கு டிவிக்குச் சொன்னதெல்லாம் பொருந்தும், ஆனால் வேலை எளிது. ரேடியோவில் மோனோ பொத்தான் இருந்தால் முதலில் அதை அழுத்துங்கள். ஸ்டீரியோவுக்கு அதே தெளிவோடு கேட்க சுமார் 20 டெசிபல் கூடுதல் சிக்னல் வேண்டும். பலவீனமான நிலையத்தில் 'ஸ்ஸ்' சத்தம் வருவது பாதிக்கு மேல் இதனால்தான், மோனோவுக்கு மாற்றியதும் சட்டென்று அடங்கும். செலவே இல்லாத வைத்தியம். கைபேசியிலும் சின்ன ரேடியோக்களிலும் இயர்போன் கம்பிதான் ஆன்டெனா, அதைச் சுருட்டி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை.

வீட்டிலேயே ஒரு ஆன்டெனா செய்யலாம். 143ஐ நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டரில் மொத்த நீளம் கிடைக்கும். 98 மெகாஹெர்ட்ஸுக்கு 1.46 மீட்டர், அதாவது ஒவ்வொரு பக்கமும் 73 சென்டிமீட்டர் அலுமினியக் குழாய் அல்லது தடித்த கம்பி. நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, 75 ஓம் கேபிளின் நடுக்கம்பியை ஒரு பக்கத்திலும் பின்னலை மறுபக்கத்திலும் இணையுங்கள். கூரைக்கு மேல் ஏற்றி, அதன் அகலப்பக்கம் கோபுரத்தைப் பார்க்கும்படி வைத்தால் போதும். தகரக் கூரை வீட்டுக்குள் எவ்வளவு விலையுயர்ந்த ரேடியோ வைத்தாலும் இந்த இரண்டு குழாய்களுக்கு ஈடாகாது, தகரம் அலையை உள்ளே விடுவதில்லை.

மத்திய அலை எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். இங்கே அலையின் நீளமே 200 முதல் 550 மீட்டர்வரை. அது நேர்கோட்டில் போவதில்லை, தரையை ஒட்டித் தவழ்ந்து வருகிறது. ஈரமண்ணும் கடல்நீரும் அதற்கு நல்ல பாதை, வறண்ட பாறை நிலம் மோசமான பாதை. ஆன்டெனா உயரத்துக்கு இங்கே பெரிய மதிப்பில்லை. ரேடியோவுக்குள் ஒரு கருப்புக் காந்தத் தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அதுவே ஆன்டெனா. அந்தத் தண்டின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் மிகக் குறையும், பக்கவாட்டுப் பகுதி பார்த்தால் அதிகம் கேட்கும். எஃப்.எம். குச்சியை நீட்டிக்கொண்டே மத்திய அலை கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலான ரேடியோக்களில் அதற்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. ரேடியோவையே திருப்ப வேண்டும்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. தண்டின் முனை பார்க்கும் திசையில் வரும் ஒலி ஏறக்குறைய முழுவதும் மறையும், அந்த மறையும் கோணம் மிகக் குறுகியது. எனவே நிலையத்தை உச்சத்தில் வைக்கப் பாடுபடாமல், இரைச்சல் வரும் திசையை மறைக்கும்படி ரேடியோவைத் திருப்புங்கள். நிலையத்தின் ஒலி கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் மடங்கு மடங்காகக் குறையும். இரவில் வேறு நிலையம் மேலே ஏறிக்கொண்டால் அதையும் இப்படி ஓரளவு ஒதுக்கலாம். பகலில் வானத்தில் இருக்கும் ஒரு அயனி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கரைந்து, அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையங்கள் வந்து இறங்குகின்றன. உங்கள் நிலையத்தின் தரையலையும் அதே நிலையத்தின் வானலையும் ஒன்றாக வந்து மோதி, குரல் ஏறி இறங்கி நசுங்குவது வேறு தொல்லை. அதற்கு எந்த ஆன்டெனாவும் சரியான மருந்தில்லை. அந்த நிலையம் எஃப்.எம்.மிலும் வருகிறதா என்று பாருங்கள்.

நிலையம் உண்மையிலேயே பலவீனம் என்றால் ஒரு சட்ட ஆன்டெனா செய்து பாருங்கள். 60 சென்டிமீட்டர் சதுர மரச்சட்டம், அதன்மேல் நெருக்கமாக இல்லாமல் சுமார் 12 சுற்று உறையிட்ட கம்பி, இரண்டு முனைகளையும் பழைய ரேடியோவிலிருந்து எடுத்த கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருப்பும் பகுதி) இணைக்க வேண்டும். மின்சாரமும் வேண்டாம், ரேடியோவோடு கம்பி இணைப்பும் வேண்டாம். ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் கண்டென்சரை மெதுவாகத் திருப்பினால் ஒரு இடத்தில் நிலையம் திடீரென்று எழுந்து வரும். சட்டத்தையும் ரேடியோவையும் சேர்த்துத் திருப்பி இரைச்சலை ஒதுக்கலாம். முதல்முறை பார்ப்பவர்கள் யாரும் நம்புவதில்லை.

ஆனால் இன்று கிராமங்களில் மத்திய அலையைக் கொல்வது தூரம் அல்ல, வீட்டிலேயே இருக்கிற சாமான்கள். எல்.இ.டி. விளக்கு, கைபேசி சார்ஜர், இன்வெர்ட்டர், சூரிய மின்பலகையின் சார்ஜ் கன்ட்ரோலர், இவை உள்ளே வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி இயங்குகின்றன, அந்த வெட்டு ஒவ்வொன்றும் மத்திய அலையில் இரைச்சலாக இறங்குகிறது. கண்டுபிடிப்பது எளிது. பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்துச் சத்தத்தைக் கூட்டுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு மலிவு பல்பு அல்லது சார்ஜர் வேலையாக இருக்கும். அதை மாற்றுவதுதான் சிறந்தது. மாற்ற முடியாததற்கு அதன் கம்பியை ஒரு ஃபெரைட் வளையத்தில் (ரேடியோத் தண்டு போன்ற கருப்புப் பொருளால் ஆன வளையம்) ஏழெட்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், குறையும்.

மெயினை அணைத்தும் அடங்கவில்லை என்றால் அதே ரேடியோவை எடுத்துக்கொண்டு வெளியே நடங்கள். காந்தத் தண்டைத் திருப்பிச் சத்தம் மறையும் திசையைக் குறித்துக்கொண்டால், அந்தத் தண்டின் நீட்சியில்தான் இரைச்சல் இருக்கிறது. இரண்டு இடங்களில் இப்படிக் குறித்தால் கோடுகள் சந்திக்கும் இடம் தெரியும். வினாடிக்கு ஒரு முறை 'டிக், டிக்' என்று சீராக வந்தால் யாரோ போட்ட மின்வேலி. செடியோ புல்லோ கம்பியைத் தொடும் இடத்திலும் விரிசல் விட்ட இன்சுலேட்டரிலும் பொறி பறந்துகொண்டிருக்கும், அதைச் சரிசெய்தால் வேலிக்காரருக்கும் லாபம். மின்கம்பத்துப் பக்கம் கடகடவென்ற சத்தம் கூடினால், காய்ந்த நாளில் அதிகமாகி மழை பெய்ததும் நிற்கிறதா, பனியிலும் தூறலிலும் அதிகமாகிறதா என்று கவனியுங்கள். முதலாவது தளர்ந்துபோன உலோக இணைப்பு, இரண்டாவது அழுக்குப் படிந்த இன்சுலேட்டர். இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் மின்வாரியத்து ஆட்கள் தேடுகிற வேலை குறையும். கம்பத்தைத் தட்டிப் பார்ப்பது, இழுகம்பியை ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு, டிஷ் வைத்துவிட்டால் போச்சு என்பவர்களுக்கு: டிவிக்கு அது நல்ல பதில்தான். பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு உங்கள் ஊர் நகரமா கிராமமா என்ற கவலை இல்லை. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளைக்கொண்டு இந்தியாவில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டிவி காட்டினார்கள். அதற்குப் பயன்பட்டது கோழிவலைக் கம்பியால் செய்த 3 மீட்டர் டிஷ். இன்று 60 சென்டிமீட்டர் போதும். ஆனால் அந்த அளவுக்குக் கோணம் ஒன்றரை டிகிரி விலகினாலே பாதி சிக்னல் போய்விடும், ஆகவே கம்பம் துளியும் ஆடக் கூடாது. இந்தச் சிறு டிஷ்கள் வாங்கும், 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்கும் கே.யு. பேண்ட் அலைவரிசையைக் கனமழை அடைத்துவிடும். அடிக்கடி அப்படி ஆனால் 90 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்கு மாறினால் 3.5 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், பெருமழையைத் தவிர மற்றதைச் சமாளிக்கும். வருடத்தில் இருமுறை, மார்ச், செப்டம்பரை ஒட்டிச் சில நாட்கள், பகலில் சில நிமிடங்கள் மட்டும் படம் போய்த் திரும்புவது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால். அதற்காக டிஷ்ஷைத் திருப்பிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு ஊரே பள்ளத்தில் இருந்தால் வீட்டுக்கு வீடு போராடுவது வீண். 1948இல் அமெரிக்காவின் ஆஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்பவர் ஒரு ஓட்டலின் கூரையில் ஆன்டெனா வைத்து, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருந்த சியாட்டில் நிலையத்தைப் பிடித்து, அங்கிருந்து மற்றவர்களுக்குக் கேபிள் இழுத்துக் கொடுத்தார். கேபிள் டிவி தொழிலின் தொடக்கங்களில் ஒன்று அது. மேட்டில் ஒரு நல்ல ஆன்டெனா, அங்கிருந்து கேபிள் என்ற ஏற்பாடு பத்துப் பதினைந்து வீடுகளுக்கு இன்றும் பொருந்தும். மேட்டில் வாங்கி மீண்டும் காற்றில் ஒலிபரப்பும் சிறு மறுஒலிபரப்பு நிலையம் இன்னும் நல்லது, ஆனால் அதற்குப் பெரும்பாலும் எல்லா நாடுகளிலும் உரிமம் வேண்டும். சொந்தமாகச் செய்ய இறங்காதீர்கள். கேபிள் வழியாகப் பகிர்வதற்கும் உங்கள் நாட்டு விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பம் நடுபவர்களுக்கு. அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும், இதில் சமரசமே கிடையாது. அலுமினிய ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்தும்போது மேலே போகும் கம்பியில் பட்டு உயிர் போன நிகழ்ச்சிகள் உண்டு. 6 மீட்டருக்கு மேல் போனால் மூன்று திசையிலும் இழுகம்பி கட்டுங்கள். கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தில் புதைத்த எர்த் கம்பியோடு இணையுங்கள். அந்த எர்த்தும் வீட்டின் மின் எர்த்தும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், தனித்தனியாக விடக் கூடாது. நேரடியாக மின்னல் இறங்கினால் இது டிவியைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல முடியாது. மேகம் கறுத்து இடி கேட்கத் தொடங்கும் முன்பே ஆன்டெனா கேபிளையும் மின் பிளக்கையும் பிடுங்கி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் செய்தும் வரவில்லை என்றால் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு எழுதுங்கள். "எங்கள் ஊரில் சரியாக வருவதில்லை" என்று ஒரு வரி எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அலையெண், எந்த நேரத்தில், ஆன்டெனாவின் வகை, உயரம், திசை, சிக்னல் தர அளவு, பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளில் நிலைமை என்ன, எப்போதிலிருந்து என்று எழுதுங்கள். ஒரே நாளில் ஊர் முழுவதும் குறைந்திருந்தால் கோளாறு கோபுரத்தில் இருக்கலாம்; கோபுரத்தின் ஆன்டெனா பழுதாகி ஒரு திசைக்கு மட்டும் சக்தி குறைவதும் உண்டு, அது அங்கிருக்கிறவர்களுக்குத் தெரியாமலே போகும்.